ஆய்வு உதவி அலுவலகத்தை மூடாதீர்கள்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

ஆய்வு உதவி அலுவலகம் வரும் மாத இறுதியோடு மூடப்படும் என்று எல்லாத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள் காப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவுக்குப் போகிறார்கள். ஆய்வு சார்ந்த நிர்வாக வேலைகளை இனி அந்தந்த முதன்மை ஆய்வாளரே புதிய மென்பொருள் வழியாகச் செய்துகொள்ள வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் செயலகம் தரப் பிரிவிடம் ஒப்படைக்கப்படுகிறது. இவ்வளவுக்கும் நீங்கள் தந்திருக்கும் காரணம் ஒரே ஒரு தொடர்: 'வருவாய் ஈட்டாத பிரிவுகளைச் சீரமைத்தல்.'

இந்த முடிவை ஏற்க முடியாது என்று துறைத் தலைவர்கள் கூட்டத்திலேயே சிலர் சொன்னார்கள். கூட்டக் குறிப்பில் அது ஏறவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் நுரையீரல் மருத்துவத் துறையில் இணைப் பேராசிரியர். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டு முடித்து, 'குணமாகிவிட்டது' என்று அட்டையில் எழுதி அனுப்பப்பட்டவர்கள் பலருக்கு அதன் பிறகும் மூச்சிரைப்பு போவதில்லை. கிருமி போனாலும் நுரையீரலில் விழுந்த தழும்பு நிற்கிறது. அவர்களைத் தொடர்ந்து கவனித்து, மூச்சுத்திறன் சோதனை செய்து, யாருக்கு எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்று அரசு மானியத்தில் என் பொறுப்பில் நடக்கிறது. ஆகவே நான் சொல்பவை நான் அன்றாடம் மோதிக்கொள்கிறவை.

அந்த அலுவலகம் என்ன செய்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். மருத்துவப் பதிவேட்டு அறையை ஒட்டிய அந்தச் சிறிய அறைக்கு நிர்வாகக் குழுவிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. நம்முடையது தனியார் அறக்கட்டளை. மத்திய அரசின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுத் துறை தரும் அங்கீகாரம் கையில் இல்லையென்றால் பல அரசு மானியங்களுக்கு நாம் விண்ணப்பமே போட முடியாது. அந்த அங்கீகாரத்தைக் காலத்தில் புதுப்பிப்பது அந்த அறைதான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்வதென்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போகும் கோப்பைக் கட்டுவது அந்த அறை. நோயாளிகளிடம் சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவச் சோதனைகளைத் தேசியப் பதிவேட்டில் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. அதை நினைவூட்டி, படிவத்தை நிரப்பி, அங்கிருந்து வரும் கேள்விகளுக்குப் பதில் அனுப்புவதும் அந்த அறைதான்.

பணக் கணக்கு இன்னொரு உலகம். மத்திய அரசின் மானியம் வந்தால் பொது நிதி விதிகள் 2017 சொல்லும் 12-ஏ படிவத்தில், பணம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். மானியப் பணத்துக்கு வங்கியில் கிடைத்த வட்டி நம்முடையது அல்ல. அதைத் தனியாகக் காட்டி அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். எனக்கு எக்ஸ்ரேயில் நிழலைப் படிக்கத் தெரியும். அந்த வட்டி படிவத்தில் எந்த வரியில் ஏறும் என்று எனக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டிய அவசியமும் இல்லை. அதற்கென்று படித்த ஆள் இருக்கும்வரை.

அப்படி ஒருவர் இருந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு நீளப் பதிவேடு வைத்திருந்தார்; மார்ச் மாதம் வருமுன்பே எந்தத் தலைப்பில் எவ்வளவு மிச்சம் என்று ஆய்வாளரைத் தேடிவந்து சொல்வார். சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நீங்கள் நிரப்பவில்லை. மூடிவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அவர் போன நாளிலிருந்து பாதி மூடிய அலுவலகத்தோடுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். அதன் விளைவுகளைச் சொல்கிறேன்.

என் திட்டத்தின் பணம் மருத்துவமனையின் பொதுக் கணக்கு ஊழியரிடம் போனது. அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் மருந்தகம், உணவகம், விடுதி என்று எல்லாவற்றுக்கும் அவரே. வட்டியைப் பொது வருவாயோடு சேர்த்துவிட்டார். பயனீட்டுச் சான்றிதழ் தில்லியிலிருந்து திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினோம், பட்டயக் கணக்காளரின் முத்திரை ஒரு பக்கத்தில் இல்லை என்று மறுபடி வந்தது. அடுத்த தவணை நின்றது. தவணை நின்றால் மானியத்தில் வேலை பார்க்கும் ஒப்பந்த ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. என் திட்டத்தின் செவிலியருக்குத் தீபாவளிக்கு முன் வரவேண்டிய சம்பளம் பொங்கல் கழிந்து வந்தது. அவர் அத்தனை நாளும் வேலைக்கு வந்தார். நோயாளிகளுக்குத் தொலைபேசியில் பேசி, வரச்சொல்லி, ஊதும் குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வீட்டு வாடகைக்கு இந்த நிர்வாகம் பொறுப்பேற்கவில்லை. நிர்வாகத்தின் காலி நாற்காலிக்கு அவர் தண்டம் கட்டினார்.

இதைவிட என்னை வெட்கப்பட வைத்தது பங்கேற்பாளர்களின் பஸ் கட்டண விவகாரம். என் ஆய்வில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். சோதனைக்கு வரும் நாளில் கூலி போய்விடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பாளரின் பயணச் செலவைத் திருப்பித் தரலாம், அவருடைய நேரத்துக்கும் சிரமத்துக்கும் தொகை தரலாம் என்கின்றன. நெறிமுறைக் குழு தொகையையும் ஒப்புக்கொண்டு, அது ஒப்புதல் படிவத்தில் தமிழில் அச்சாகியிருக்கிறது. முன்பு ஆய்வு அலுவலகத்தில் சிறு ரொக்கக் கணக்கு இருந்தது. கையெழுத்தோ கைரேகையோ வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொடுத்து அனுப்பினார்கள். இப்போது பொதுக் கணக்குப் பிரிவின் விதிப்படி, பணம் பெறும் எவரும் மென்பொருளில் 'விற்பனையாளர்' என்று பதிவாக வேண்டும். பான் எண் வேண்டும், ரத்து செய்த காசோலை வேண்டும். செங்கல் சூளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பெரியவரிடம் ரத்து செய்த காசோலை கேட்கிறது இந்த நிறுவனம். 'எதுக்கும்மா காசோலை, நான் என்ன வித்தேன்?' என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. செவிலியரும் நானும் கைக்காசைக் கொடுத்து அனுப்பினோம். அது கருணை இல்லை. எழுத்தில் கொடுத்த வாக்கை நிறுவனம் மீறியதை மறைக்க நாங்கள் செய்த ஒட்டு வேலை. அதன் பிறகு சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நடுவில் நின்றுபோனவர்களின் தரவு இல்லாத ஆய்வு, தேறியவர்களை மட்டும் எண்ணி 'எல்லோரும் நலம்' என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யின் வேர் கணக்குப் பிரிவில் இருக்கிறது என்று எந்த ஆய்விதழும் கண்டுபிடிக்காது.

கொள்முதலைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. இரண்டு டிகிரி முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய சோதனைப் பெட்டி ஒன்று வெள்ளிக்கிழமை மாலை மத்தியப் பண்டகசாலைக்கு வந்தது. திங்கட்கிழமை வரை மேசைமேல் இருந்தது. முன்பு ஆய்வு அலுவலகத்துக்குத்தான் முதலில் தகவல் வரும். இப்போது யாருக்கும் வரவில்லை. பெட்டியோடு சேர்ந்து மக்கள் வரிப்பணமும் குப்பைக்குப் போனது.

நெறிமுறைக் குழுவுக்கு வருகிறேன். புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் 2019இன்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப்பேராவது நம் நிறுவனத்தைச் சாராதவர்களாக இருக்க வேண்டும். தலைவர் வெளியாளாகவே இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியல் படித்தவர், மருத்துவம் அறியாத பொதுமனிதர் எல்லோரும் உட்கார வேண்டும். ஐந்து பேர் கூடாமல் முடிவு எடுக்க முடியாது. மருந்துச் சோதனையில் இருப்பவருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை போக வேண்டும். குழு அதைப் பரிசீலித்து 30 நாட்களுக்குள் தன் கருத்தை அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவில் அந்த அறிக்கையைப் பெற்று, உறுப்பினர்களை அழைத்து, கடிதம் தயாரிப்பது யார்? ஆய்வு அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர்தான். தமிழ் ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரிகிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதும் அவர்தான். மருந்து நிறுவனங்களிலிருந்து வரும் மொழிபெயர்ப்புகளை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் இருக்கும், தமிழாக இருக்காது.

இந்த வேலையைத் தரப் பிரிவிடம் கொடுப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மருத்துவமனையின் தரத்துக்கு அங்கீகாரம் தரும் குழு பார்வையிட வரும் மாதங்களில் தரப் பிரிவுக்குச் சாப்பிடவே நேரமிருப்பதில்லை. இது சிறிய சிக்கல். பெரியது இது: தரப் பிரிவு நேரடியாகத் தலைமை நிர்வாக அதிகாரிக்குக் கீழே இருக்கிறது. மருத்துவமனைக்கு வருமானம் தரும் ஒரு மருந்துச் சோதனையை நெறிமுறைக் குழு நிறுத்தி வைக்க நேர்ந்தால், அந்தக் குழுவின் கோப்பும் கடிதமும் யாருடைய மேசையில் இருக்க வேண்டும்? குழு சுதந்திரமாக இயங்க இடமும் ஆளும் நிதியும் தருவது நிறுவனத்தின் பொறுப்பு என்று 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே சொல்கின்றன.

காகித வேலைதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. ஆந்திரத்திலும் குஜராத்திலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வு 2010இல் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தந்த அறிக்கை, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்களைக் கடுமையாகச் சாடியது. படிவத்தை ஒவ்வொன்றாகப் புரட்டி 'இது யார் கையெழுத்து?' என்று கேட்கும் ஓர் ஆள் இல்லாத இடத்தில்தான் அப்படி நடக்கும். நம் மருத்துவமனையில் அந்த ஆளைத்தான் காப்பீட்டு மேசைக்கு அனுப்புகிறீர்கள்.

முதுகலை மாணவர்களையும் இது பிடித்துவிட்டது. பொது மருத்துவத் துறை மாணவர் ஒருவர் டெங்கு நோயாளிகளைப் பற்றி ஆய்வேடு எழுதத் திட்டமிட்டார். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒப்புதல் கிடைக்க வேண்டும் என்று ஜூலையிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டார். கண்காணிப்பாளர் இல்லை, ஒருங்கிணைப்பாளர் இரண்டு பேர் வேலையைச் சுமந்துகொண்டிருந்தார், வெளி உறுப்பினர்களுக்கு முந்தைய கூட்டங்களின் மதிப்பூதியம் போகாததால் கூட்டம் தள்ளித் தள்ளிப் போனது. ஒப்புதல் கடிதம் ஜனவரியில் வந்தது. கொசுவும் போய்விட்டது, நோயாளிகளும் போய்விட்டார்கள். மாணவர் தலைப்பை மாற்றி, பழைய கோப்புகளிலிருந்து எதையோ எழுதிச் சமர்ப்பிக்கப் போகிறார். ஆய்வேடு இல்லாமல் பட்டம் கிடையாது. ஆகவே ஆய்வேடு என்ற பெயரில் ஏதோ ஒன்று வந்துவிடும். வேறென்ன செய்வார்?

மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறீர்கள். அதன் செயல்விளக்கத்துக்குப் போயிருந்தேன். நல்ல மென்பொருள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது காலிக் கட்டங்களைக் காட்டுகிறது. அவற்றை நிரப்புவது நாங்கள். காலையில் புறநோயாளிகள், பிறகு வார்டு, மதியம் மூச்சுக்குழாய் அகநோக்கி, மாலையில் மாணவர் வகுப்பு. அதற்குப் பிறகு விலைப்புள்ளி ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்க உட்காரும் மருத்துவர் ஒன்று ஆய்வை விடுவார், அல்லது அந்த வேலையைத் திட்டச் செவிலியரின் தலையில் கட்டுவார். இரண்டாவதுதான் நடக்கிறது. நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க என்று அரசு சம்பளம் தரும் செவிலியர், ரசீது ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

'வருவாய் ஈட்டாத' என்ற சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். மானிய ஆணைகளை எடுத்துப் பாருங்கள். ஆய்வுக்கான செலவுகளுக்குக் கீழே நிறுவன மேற்செலவு என்று ஒரு வரி இருக்கும். மருந்து நிறுவனங்களின் சோதனைகளில் அந்த வரி இன்னும் பெரியது. அந்தப் பணம் எனக்கு வருவதில்லை, உங்களுக்கு வருகிறது. எதற்கு? கணக்கு, கொள்முதல், நெறிமுறைக் குழு, கோப்புக் காப்பு ஆகிய இந்த வேலைகளுக்காகவே. வாடகையை மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டு வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துச் செல்வது எந்த ஊர் நியாயம்? இத்தனை ஆண்டுகளில் மேற்செலவாக எவ்வளவு வந்தது, அந்த அறைக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கை நீங்கள் ஒருமுறையும் வெளியிட்டதில்லை. வெளியிட்டால் அந்த அறைக்கான மூன்று பேரின் சம்பளம் உண்மையில் யாருடைய பணத்திலிருந்து போகிறது என்பது தெரிந்துவிடும்.

நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. காப்பீட்டுப் பணம் தாமதமாக வருகிறது, கோரிக்கைகள் தேங்குகின்றன, அங்கே ஆள் வேண்டும். ஆய்வாளர்களிலும் ஆண்டு முழுவதும் ரசீதுகளை மேசை டிராயரில் போட்டுவைத்து மார்ச் கடைசி வாரத்தில் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் உண்டு. அவர்களைக் கண்டியுங்கள், காலக்கெடு வையுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். ஆனால் அதற்கான விடை அலுவலகத்தை மூடுவதல்ல.

என் துறையைச் சேர்ந்த ஒரு வரலாறு, உங்களுக்கும் தெரிந்ததுதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. சானடோரியத்தில் படுக்க வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவது குறைந்ததல்ல என்று 1959இல் அவர்கள் காட்டினார்கள். உலகம் முழுக்கக் காசநோயாளிகள் குடும்பத்தோடு இருந்து குணமாக வழி திறந்தது. அந்த முடிவை மருந்து மட்டும் தரவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியவர்கள், சிறுநீர்ச் சோதனை முடிவுகளைப் பதிந்தவர்கள், வராத நோயாளியைத் தெருத்தெருவாகத் தேடிப்போனவர்கள், எல்லாவற்றையும் அட்டையில் ஏற்றி அடுக்கி வைத்தவர்கள் இருந்தார்கள். வசதி குறைந்த ஏழை நகரத்தில் அதைச் செய்ய முடிந்தது. குளிரூட்டிய வரவேற்பறை உள்ள நம்மால் மூன்று பேரை வைத்துக்கொள்ள முடியாதாம்.

ஆகவே கேட்கிறேன்.

அந்தச் சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். ஆய்வாளர்கள், திட்ட ஊழியர்கள், நெறிமுறைக் குழுவின் வெளி உறுப்பினர்கள் ஆகியோரை உட்கார வைத்துப் பேசிய பிறகே அடுத்த முடிவு எடுக்கப்பட வேண்டும்.

கண்காணிப்பாளர் இடத்தை நிரப்புங்கள். அரசு மானியக் கணக்கு தெரிந்தவர் வேண்டும். கிடைப்பவரை உட்கார வைத்தால் இதே கதைதான். ஓய்வு பெற்றவரைச் சில மாதங்களுக்கு ஆலோசகராக அழைத்து, புதியவருக்குப் பொறுப்பை முறையாகக் கைமாற்றச் சொல்லுங்கள். ஒருங்கிணைப்பாளரைக் காப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பும் ஆணையை ரத்து செய்யுங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி வங்கிக் கணக்கோ, குறைந்தபட்சம் தனிப் பேரேடோ இருக்க வேண்டும். வட்டி அதிலேயே தெரிய வேண்டும். தவணை தாமதமானால் திட்ட ஊழியர்களின் சம்பளத்தை மேற்செலவு நிதியிலிருந்து முன்பணமாகக் கொடுத்து, மானியம் வந்ததும் ஈடுகட்டிக்கொள்ளுங்கள்.

பங்கேற்பாளர்களுக்கான சிறு ரொக்கக் கணக்கை இந்த வாரமே திரும்பத் திறங்கள். இதற்குக் கூட்டமோ குழுவோ தேவையில்லை, ஒரு கையெழுத்து போதும். பாக்கி இருப்பவர்களின் பட்டியல் செவிலியரிடம் இருக்கிறது. அவர்களுக்கு நிறுவனமே கடிதம் எழுதி, தொகையைக் கொடுத்துவிட வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் செயலகம் தனியாக, பூட்டக்கூடிய அறையோடு, தரப் பிரிவுக்கு வெளியே இருக்கட்டும். வெளி உறுப்பினர்களின் மதிப்பூதிய பாக்கியைத் தீர்த்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.

கடந்த 5 ஆண்டுகளில் மேற்செலவாக வந்த தொகையையும் அது செலவான விதத்தையும் எல்லாத் துறைகளுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் என்பதை மாத இறுதிக்கு முன் எழுத்தில் தெரிவியுங்கள். மாத இறுதியோடு அந்த அறை பூட்டப்பட்டால், என் ஆய்வில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்கான காரணத்தை நெறிமுறைக் குழுவுக்கும் மானியம் தந்த நிறுவனத்துக்கும் முறைப்படி தெரிவிப்பேன்.

இப்படிக்கு,
இணைப் பேராசிரியர்,
நுரையீரல் மருத்துவத் துறை